கொழுந்து இல்லாத மலை

பள்ளிக்கூடத்துச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில், சோதனைக்கு வந்த வித்தியாதரிசி கதிரவேற்பிள்ளை எழுதிவிட்டுப் போனது ஒரே ஒரு வரி: “பிள்ளைகளிடம் சொல்வளம் போதாது.” அந்த ஒரு வரிக்கு அவர் மூன்று முறை பேனாவை உதற வேண்டியிருந்தது. 1959ஆம் ஆண்டு தைமாதக் குளிரில் மைகூட இறங்க மறுத்தது.

மொட்டைப்பாறைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே, பஸ் திரும்பிப்போகும் இடத்திலிருந்து இன்னும் மூன்று மைல் ஏற்றம். துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்றும் அதற்கு உண்டு. தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சடிப்பதற்கு அது பயன்பட்டது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட ஒரே அறை. அதில் ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்புகள், ஒரு கரும்பலகை, ஒரு டீச்சர்.

டீச்சரின் பெயர் டோரீன். வயது இருபத்து நான்கு, ஊர் அட்டன் டவுன், மதம் கத்தோலிக்கம், நியமனம் தற்காலிகம். மரக்குதி வைத்த கறுப்புச் செருப்பு போட்டிருப்பார். குவார்ட்டர்ஸிலிருந்து, தொழிலாளர் குடியிருக்கும் அஞ்சாம் லயத்து வாசல் வழியாக அவர் பள்ளிக்கூடத்துக்கு நடந்தால், கருங்கல் பாவிய அந்தப் பாதையில் டக் டக் என்று ஒரு சத்தம் முன்னால் போகும். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வரிசைக்கு வருவார்கள். மணி அடிக்கும் செலவு மிச்சம் என்று டீச்சர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வித்தியாதரிசி கேட்டதென்னவோ எளிமையான கேள்விதான். காலையில் எழும்பியதிலிருந்து பள்ளிக்கூடம் வந்து சேரும்வரை என்னென்ன செய்தீர்கள், விவரமாகச் சொல்லுங்கள் என்று மூன்றாம் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். முதல் பிள்ளை எழுந்து நின்று, “வந்தேன் சார்” என்றது. இரண்டாவது பிள்ளையும் “வந்தேன் சார்” என்றது. இருபத்தாறு பிள்ளைகளும் அப்படியே வந்திருந்தார்கள். கடைசியில் எழுந்த ஆண்டியப்பன் மட்டும் கொஞ்சம் விவரமாக, “நானும் வந்தேன் சார்” என்றான்.

அதன்பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார். போகும்போது வாசலில் நின்று விஷயத்தையும் சொல்லிவிட்டுப் போனார். பங்குனி முடிவில் திரும்ப வருவார். அதற்குள் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சேர்ந்திருந்தால் நாலாம் வகுப்புத் தொடங்க அனுமதி கொடுப்பார். இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்போடு சரி, டீச்சரின் தற்காலிக நியமனமும் அதோடு சரி. மூன்றாம் வகுப்போடு சரி என்றால் என்னவென்று அந்தத் தோட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் லயத்தில் தம்பி தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருஷம் நிற்கும், அப்புறம் புல்வெட்டுக்குப் போகும்.

டோரீன் டீச்சர் முதலில் கரும்பலகையில் சொற்களை வரிசையாக எழுதிப் போட்டார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. பாடப் புத்தகத்திலிருந்து பத்துச் சொற்களுக்குப் பொருள் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பொருளை மனப்பாடம் செய்துகொண்டு சொல்லை மறந்தார்கள். மாசியும் பிறந்துவிட்டது. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார். அந்தோனியார் காணாமல்போன சாமான்களுக்குத்தான் பேர்போனவர். இல்லாத சாமானுக்கு அவர் என்ன செய்வார் என்ற சந்தேகமும் டீச்சருக்கு இருந்தது.

வழி பள்ளிக்கூட ஜன்னலில்தான் கிடைத்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே கொழுந்து நிறுக்கும் மடுவம். ஒரு மத்தியானம் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் கூடையை இறக்குகிறார்கள். கணக்கப்பிள்ளை தராசில் மாட்டுகிறார். முற்றல் இலையைக் கிள்ளி எறிகிறார், ஈரத்துக்கு என்று இரண்டு இறாத்தல் கழிக்கிறார். அன்றைய கணக்கு நிறைந்தவளுக்கு முழுப்பேர், நிறையாதவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தால் மூச்சுவிடாத தாய்மார், தராசுக்கு முன்னால் நின்று வாய்கிழியப் பேசினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் கூடவே நின்று பேசின. அவ்வளவு வார்த்தைகளை டீச்சர் அந்தப் பிள்ளைகளின் வாயில் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்றாம் வகுப்புக்குப் பெரட்டு நடந்தது. வேலைக்காடு பிரித்துக் கொடுக்கும் தொழிலாளர் பெரட்டு போலவே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி டீச்சர் விவரம் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் காலியான டின்பால் பேணி ஒன்று கொண்டுவர வேண்டும். அதுதான் கூடை. வீட்டில் பெரியவர்கள் பேசுவதிலிருந்து புதுச் சொற்களாகப் பறித்து, துண்டுக் காகிதத்தில் எழுதிப் பேணியில் போட்டுக்கொண்டுவர வேண்டும். மத்தியானம் நிறுவை. நாளுக்கு ஐந்து இறாத்தல். நிறைந்தால் வரவு இடாப்பில் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர்.

காகிதத் துண்டுக்கு எடை கிடையாது என்பதால் எடையை டீச்சரே சொன்னார். எல்லோருக்கும் தெரிந்த சொல் ஒரு இறாத்தல். பொருள் சொல்ல வேண்டிய சொல் இரண்டு இறாத்தல். கெட்ட வார்த்தை முற்றல், கழிக்கப்படும். எழுத்துப்பிழைக்கு ஈரக்கழிவு.

வகுப்பு நிமிர்ந்து நின்றது. பாடம் என்றால்தான் அதற்குப் பயம், வேலை என்றால் தெரியும்.

ஒரே வாரத்தில் சொற்கள் வந்து குவிந்தன. டிஸ்பென்சரியில் மருந்துக்கு நின்ற ஒருத்தி ‘மலச்சிக்கல்’ கொண்டுவந்தாள், இரண்டு இறாத்தல். ஆண்டியப்பன் முடிவெட்டுகிறவரிடமிருந்து ‘சாணைக்கல்’ கொண்டுவந்தான். துரை பங்களாவில் சமைக்கிறவரின் மகள் ‘புடிங்’ என்று எழுதிவர, அது சொல்லா இல்லையா என்று அரைமணி நேரம் விவாதம் நடந்து, தின்னக் கூடியது என்பதால் ஒரு இறாத்தலுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமியின் மகள் சண்முகவடிவுக்கு ஒன்பது வயது. அவளுடைய பேணிதான் எப்போதும் கனம். சங்கத்துச் சுற்றறிக்கைகளை அப்பா உரக்க வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பறித்துக்கொள்வாள். ‘நிபந்தனை’, ‘பாரபட்சம்’, ‘ஏகமனதாக’, ‘பேச்சுவார்த்தை’ எல்லாம் அவள் கொண்டுவந்தவை. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இறாத்தல் போட்டு, கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதையும் சொல்ல வைத்தார். பலே என்று முதுகிலும் தட்டினார்.

கணக்கப்பிள்ளை மட்டும் ஒருநாள் முறைப்பாட்டோடு வந்தார்.

“டீச்சரம்மா, மலையில நான் வாயத் தொறந்தா போதும், பொம்பளைங்க வேலைய விட்டுட்டு, ‘இந்தா ஐயா ஒரு வார்த்தை சொல்லிட்டாரு, யாராச்சும் ஞாவகத்துல வச்சுக்கங்கடி, புள்ளைக்கு ஆகும்’னு கத்துறாளுங்க. நான் எப்புடிங்க ஏசுறது?”

“ஏசுற வார்த்தையை நாங்க எடுக்கிறதில்லையே” என்றார் டீச்சர். கணக்கப்பிள்ளைக்கு அது ஆறுதலாக இல்லை.

ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது. ஒரே சொல்லை இரண்டு பிள்ளைகள் கொண்டுவந்து, என் வீட்டுச் சொல், உன் வீட்டுச் சொல் என்று சண்டை. டீச்சர் அதற்கும் மலையிலிருந்தே வழி எடுத்தார். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு தேயிலை நிரை பிரித்துக் கொடுப்பதுபோல, பிள்ளைகளுக்கு அவரவர் வீடே நிரை என்று சட்டம் போட்டார். அடுத்த வீட்டு நிரையில் கைவைத்தால் அது களவு. களவுச் சொல்லுக்கு எடை இல்லை. சட்டம் கச்சிதமாக இருப்பதாக அவருக்குப் பட்டது.

கடைசி வரிசையில் உட்காரும் காளியாயியின் பேணியில் தினமும் ஒரு துண்டுக் காகிதம்தான் இருந்தது. அதில் தினமும் ஒரே சொல்: ‘உஸ்’.

முதல் நாள் டீச்சர் சிரித்தார். “இது சொல் இல்லையம்மா, வெறும் சத்தம்” என்று சொல்லி ஜன்னல் வழியே எறிந்தார். இரண்டாம் நாளும் ‘உஸ்’. மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை. “வீட்டுல அப்பா பேசுவாரில்ல? கேட்டு எழுதிக்கிட்டு வா” என்றார். காளியாயி தலையாட்டினாள். வாரிய தலையும் கழுவிய காலுமாக வருகிற பிள்ளை, சொன்னதைச் செய்கிற பிள்ளை. மறுநாள் ‘உஸ்’ என்பதையே இன்னும் அழகான எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். இடாப்பில் அவள் பெயருக்கு நேரே அரைப்பேர் அரைப்பேராக விழுந்துகொண்டே போனது. டீச்சர் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார். சின்னப் பிள்ளையின் பிடிவாதத்தை முளையிலேயே கிள்ள வேண்டும் என்பது அவருடைய கட்சி.

எட்டாம் நாள் காளியாயியின் பேணி நிறைந்திருந்தது. ‘கவாத்து’, ‘சலுகை’, ‘வெந்தயம்’, ‘பரிகாரம்’, ‘சுமுகம்’ எல்லாம் கிடந்தன. டீச்சருக்கு அந்த எழுத்துகள் தெரியும். சலுகையும் சுமுகமும் சண்முகவடிவின் கை, வெந்தயம் ஆண்டியப்பனின் கை. மலையில் இது வழமைதான். மேலுக்கு முடியாதவளின் கூடையில் அக்கம்பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கொரு கைக் கொழுந்தைப் போட்டுவிடுவார்கள். கணக்கப்பிள்ளையும் கண்டும் காணாதவர்போல் வானத்தைப் பார்ப்பார். டீச்சர் வானத்தைப் பார்க்கவில்லை. பேணியை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். ஏமாற்றிச் சேர்த்த சொல் வாயில் நிற்காது என்று நேர்மையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். காளியாயி பேணியை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பங்குனிக் கடைசியில் தபால்கார்டு வந்தது. வித்தியாதரிசி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருகிறார். டீச்சர் இடாப்பைப் பார்த்தார். இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் தேறுவார்கள். அந்த ஒருத்தியை அவர் எழுப்பிக் கேட்டுவிட்டால்? நாலாம் வகுப்பு அந்த ஒரு பிள்ளையில் தொங்குவதாக டீச்சருக்குப் பட்டது. வியாழக்கிழமை மத்தியானம் நிறுவை முடிந்ததும், எல்லோர் முன்னிலையிலும், குரலை மட்டும் இனிப்பாக வைத்துக்கொண்டு சொன்னார்:

“காளியாயி, நாளைக்கு நீ இங்க வர வேணாம். புள்ளைக்காம்பராவுல ஆயாவுக்கு ஒத்தாசையா இரு. என்ன?”

மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கட்டடம். காளியாயி தலையாட்டினாள். மற்றப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் அந்தப் பார்வையைக் கவனிக்கவில்லை. மறுநாள் எந்தச் சேலை உடுத்துவது என்ற யோசனையில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பு சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. ஒரு பிள்ளைகூட மூக்கு ஒழுகவில்லை. பால்பேணிகள் மட்டும் காலடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன, இருபத்தைந்தும் ஒரே நேர்கோட்டில். கூடையைக் கவிழ்த்து வைத்தால் அந்தத் தோட்டத்தில் என்ன பொருள் என்பதை அட்டன் டவுனில் வளர்ந்த டீச்சர் அறியவில்லை. சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு வித்தியாதரிசி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். வணக்கம் சொல்லவில்லை. அவர் நாற்காலியில் அமர்ந்து, முன்வரிசையில் ஒரு பிள்ளையைப் பார்த்து, “பிள்ளை, உமக்குத் தெரிஞ்ச அஞ்சு சொல்லுச் சொல்லும் பாப்பம்” என்றார் தமது யாழ்ப்பாணத் தமிழில். பிள்ளை எழுந்து நின்றது. வாயை இறுக மூடிக்கொண்டு அவரை மரியாதையாகப் பார்த்தது. அடுத்த பிள்ளையும் அப்படியே பார்த்தது. ஆண்டியப்பன் முறை வந்தபோது அவன் உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அடக்குவது கொஞ்சம் கஷ்டம்.

“என்ன ரீச்சர், தைமாசம் ஒரு சொல்லெண்டாலும் கதைச்சதுகள். இப்ப அதுவும் இல்லையோ?”

டீச்சர் முன்வரிசைக்கு வந்தார். சிரித்துப் பார்த்தார், கண்ணை உருட்டிப் பார்த்தார், சண்முகவடிவின் பக்கத்தில் போய் நின்று, “சொல்லும்மா, உனக்குத் தெரியாததா” என்று கெஞ்சிப் பார்த்தார். இரண்டு மாதமாகச் சேர்த்ததெல்லாம் கண்முன்னே தரையில் கவிழ்ந்து கிடந்தது. நாலாம் வகுப்புப் போயிற்று, வேலையும் போயிற்று, அட்டனுக்குப் போய் அப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்றுகூட யோசித்துவிட்டார்.

சண்முகவடிவு எழுந்தாள். சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த கொப்பித்தாள் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

“பேச்சுவார்த்தைக்கு நாங்க தயாருங்க டீச்சர். அது முடியிற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டோங்க.”

வித்தியாதரிசி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “வாசியுங்கோ ரீச்சர்” என்றார். “உரத்து வாசியுங்கோ.”

டீச்சர் வாசித்தார். “மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு. மூன்றாம் வகுப்பார் ஏகமனதாகத் தீர்மானித்துத் தெரிவிப்பது. ஒன்று: காளியாயியை முன்னறிவித்தல் இல்லாமல் வேறு இடத்துக்கு மாற்றியது பாரபட்சம். அவளை உடனே திரும்ப எடுக்க வேண்டும். இரண்டு: அவளுக்குப் போட்ட அரைப்பேர் எல்லாவற்றையும் வாபஸ் வாங்க வேண்டும். மூன்று: கொழுந்து இல்லாத மலைக்கு இறாத்தல் குறைக்க வேண்டும்.” நாலாவதாகவும் ஒன்று இருந்தது. டீச்சர் அதைக் கண்ணால் வாசித்துவிட்டுத் தாளை மடித்து மேசைமேல் வைத்தார்.

“கொழுந்து இல்லாத மலையா? இதுல எங்க மலை வந்துச்சு?” டீச்சரின் குரலில் கோபம் ஏறிவிட்டது. “ஒரு சொல்கூடப் பறிக்காத பிடிவாதக்காரிக்காக நீங்க இருபத்தஞ்சு பேரும் நாலாம் வகுப்பைக் கெடுத்துக்கிறீங்களா?”

“அவ பிடிவாதக்காரி இல்லீங்க டீச்சர்” என்றாள் சண்முகவடிவு. “நீங்க அவ வீட்டத்தான அவளுக்கு நிரையாக் குடுத்தீங்க? அந்த மலையில கொழுந்தே இல்லீங்க. கணக்கப்புள்ள ஐயாகூட மூத்த மலைக்கும், கவாத்து வெட்டித் துளுத்த மலைக்கும் ஒரே இறாத்தலாக் கேக்குறாரு? கொறைச்சுத்தானங்க போடுறாரு?”

“அவ அப்பா பேசமாட்டாரா?”

ஆண்டியப்பனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “மூக்கன் மாமா ராத்திரி பூரா ஸ்டோருல தேயில அரைக்கிறாருங்க டீச்சர்! விடிஞ்சு வந்து படுப்பாரு. பொழுது சாய எந்திரிச்சுத் திரும்பப் போயிருவாரு. அவ அம்மா செத்துப்போச்சுங்க. வீட்டுல வேற யாருங்க இருக்கா பேசுறதுக்கு? சட்டி உருண்டாலும் அவரு கண்ணத் தொறக்காமலே ‘உஸ்’னு மட்டும் சொல்லுவாரு. அவ அதத்தான் எடுத்துக்கிட்டு வந்தா. நீங்க முத்தல்னு ஜன்னல்ல வீசிட்டீங்க.”

டோரீன் டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். நேற்றுவரை எத்தனை துண்டுகளை எறிந்தோம் என்று எண்ணப் பார்த்தார், முடியவில்லை. காளியாயியின் வீடு இருந்த அஞ்சாம் லயத்து வாசல் வழியாகத்தான் தினமும் நடந்து வந்தார், போனார். ஒருநாள்கூட அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. வித்தியாதரிசியின் முன்னால் என்பதால் வந்த வெட்கம் இல்லை அது. அவர் அங்கே உட்கார்ந்திருப்பதையே டீச்சர் அப்போது மறந்துபோயிருந்தார்.

“நான் பேசி முடிச்சிட்டு வர்றேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

பிள்ளைக்காம்பராவில் பன்னிரண்டு ஏணைத் தொட்டில்கள் தொங்கின. எந்நேரமும் அழுகையும் கூச்சலுமாக இருக்கும் இடம், அன்று கோயில் மாதிரி இருந்தது. ஆயா மூலையில் சாய்ந்து தானும் தூங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் காளியாயி மணைக்கட்டையில் உட்கார்ந்து, இரண்டு கைக்கு இரண்டு கயிறாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரின் மரக்குதிச் செருப்பு வாசற்படியில் டக் என்றது.

காளியாயி திரும்பிப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்து, “உஸ்” என்றாள்.

டீச்சர் அப்படியே நின்றார். உள்ளே ஒரு குழந்தை சிணுங்கிப் புரண்டு மறுபடி உறங்கியது. டீச்சர் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய், அந்தப் பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே கேட்டார்.

“காளியாயி, டீச்சர் தெரியாம பண்ணிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வர்றியா?”

காளியாயி ஏணைகளை ஒருமுறை பார்த்தாள். கயிற்றை மெல்ல விட்டாள். பிறகு தலையாட்டினாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது பேணிகள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. டீச்சர் நேராக மேசைக்குப் போய் இடாப்பை விரித்தார். காளியாயி பெயருக்கு நேரே இருந்த அரைப்பேர்களை ஒவ்வொன்றாக வெட்டி முழுப்பேர் போட்டார். சிவப்பு மை தீர்ந்துபோய் மிச்சத்தை நீல மையில் போட்டார். சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோலில் விழுந்த அரைப்பேர் அந்தத் தோட்டத்தில் ஒருநாளும் முழுப்பேர் ஆனதில்லை. அதனால் பிள்ளைகளுக்குக் கைதட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவர்கள் தலைவியைப் பார்த்தார்கள். சண்முகவடிவு எழுந்து, “திருப்திங்க டீச்சர். வேலைக்குத் திரும்புறோம்” என்றாள்.

அதன்பிறகு வித்தியாதரிசிதான் திணறிப்போனார். ஒரு சொல் கேட்டால் ஒன்பது கை உயர்ந்தது. காலையில் எழும்பியதிலிருந்து பள்ளிக்கூடம் வந்ததுவரை ஆண்டியப்பன் சொல்லத் தொடங்கி, பல் துலக்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டான். புடிங் என்றால் என்னவென்று வித்தியாதரிசிக்கே விளக்கம் கிடைத்தது. மலச்சிக்கல் பற்றியும் கிடைத்தது. ஒரு கட்டத்தில் அவர் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்தார்.

“நீர்தானே காளியாயி? நீர் சொல்லும். காலமை என்ன செய்தனீர்?”

காளியாயி எழுந்து நின்றாள்.

“சத்தம் போடாம வந்தேன் சார்” என்றாள்.

வித்தியாதரிசி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். “இரும் பிள்ளை” என்றார். பிறகு சம்பவத்திரட்டுப் புத்தகத்தை இழுத்து வைத்து எழுதினார். பங்குனி வெயிலில் மை தடையில்லாமல் இறங்கியது. “சொல்வளம் போதும். ஒழுங்கு போதாது. நாலாம் வகுப்புத் தொடங்கலாம். ஆசிரியையின் தற்காலிக நியமனம் மேலும் மூன்று மாதத்துக்கு நீடிக்கப்படுகிறது.” ஒற்றுத்தாளை வைத்து அழுத்திவிட்டுக் குடையை எடுத்தார்.

வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். “ரீச்சர், அந்தக் கடதாசியில நாலாவதெண்டு ஒண்டு கிடந்தது. நீங்கள் அதை வாசிக்கேல்லை.”

“அது பரிசீலனையில இருக்கு சார்” என்றார் டீச்சர். அந்தச் சொல்லும் சண்முகவடிவு கொண்டுவந்ததுதான், இரண்டு இறாத்தல்.

திங்கட்கிழமை காலையில் மூன்றாம் வகுப்பார் வழக்கம்போலக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எட்டு மணி ஆயிற்று, எட்டேகாலும் ஆயிற்று. டக் டக் சத்தத்தைக் காணோம். டீச்சருக்குக் காய்ச்சலோ என்று ஆண்டியப்பன் வெளியே போய் எட்டிப் பார்த்தான்.

அஞ்சாம் லயத்து வாசலில், மூக்கன் உறங்கிக்கொண்டிருந்த வீட்டின் கதவு சாத்தியிருந்தது. பனி ஊறிக் கிடந்த கருங்கல் பாதையில், ஒரு கையில் செருப்பும் மறுகையில் சேலைக் கொசுவமுமாக, டோரீன் டீச்சர் வெறுங்காலோடு அடிமேல் அடிவைத்து வந்துகொண்டிருந்தார்.